மூச்சுக்குப் பின்னால் வரும் கை

"செவ்வாய். 5.10 முதல் 5.34 வரை. பன்னிரண்டு. தவறவில்லை."

எண்பது பக்கக் கொப்பி ஒன்றின் முதல் வரி இது. கையெழுத்து என்னுடையது. பக்கத்தின் தலையில் நாளும் மாதமும் உண்டு, ஆண்டு இல்லை. போர்க்காலத்தில் நான் வைத்திருந்த கொப்பிகள் எதிலும் ஆண்டு எழுதவில்லை. நேரங்களும் எண்களுமாக நிறைந்த ஒரு கொப்பி வீட்டுச் சோதனையில் அகப்பட்டால் அதற்கு விளக்கம் சொல்லிக் கரையேறுவது கடினம். அதனால் கொப்பி அரிசித் தகரத்துக்குள் இருந்தது, ஆண்டு என் தலைக்குள் இருந்தது. கொப்பி தப்பியது. தலைக்குள் இருந்தது கலங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை மூடி, திருகோணமலையிலிருந்து கப்பலில் மட்டும் சனம் போய்வந்த காலம் என்று சொல்லலாம். அதற்கு மேல் துல்லியம் கோரமாட்டேன்.

பன்னிரண்டு என்பது பக்கத்து அறைக்காரர் காலையில் செய்த சூரிய நமஸ்காரத்தின் கணக்கு.

திருகோணமலையில், ஓர்ஸ் ஹில் சரிவில், உள்துறைமுகம் தெரிகிற பக்கமாக, காசிம் நானாவின் இரும்புச்சாமான் கடை இருந்தது. கடைக்கு மேலே ஒரு நீண்ட கூடம். நானா அதை நடுவில் பலகை அடித்து இரண்டு அறையாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். ஒன்றில் நான், கந்தோர் என்கிற அலுவலகத்தில் எழுதுவினைஞன், நாற்பத்தொரு வயது, தனியாள். ஒரே சகோதரி வெளிநாட்டில், தைப்பொங்கலுக்கு ஒரு கடிதம் போடுவாள். மற்றதில் அவர். துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டும் கயிறு இழுக்கும் வேலையில் இருபது வருடம் இருந்தவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். அவர் பெயரை எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்கக் கிடைக்கவில்லை.

பலகை மெல்லியது. ஆனாலும் முதல் மூன்று மாதம் நான் அவருடைய குரலைக் கேட்டதைவிட மூச்சைக் கேட்டதுதான் அதிகம். இருள் பிரிவதற்கு முன் பாய் விரிக்கும் சரசரப்பு. பிறகு ஒரு நீண்ட மூச்சு உள்ளே போகும். கைகள் மேலே போகின்றன என்று அர்த்தம். அது முழுக்க வெளியே வரும், குனிகிறார். மறுபடி உள்ளே, ஒரு கால் பின்னால் போய் நிலப்பலகையில் குதி உரசும். உடம்பின் சத்தம் ஒருபோதும் மூச்சின் சத்தத்துக்கு முந்தி வராது. முதலில் காற்று, அதன் பின்னால் ஆள். நடுவில் கடற்படைப் படகின் இயந்திரம் உறுமினாலும், சீனன்குடாப் பக்கமிருந்து விமானம் எழும்பினாலும் அந்த ஒழுங்கு மாறாது.

எண்ணுவது என் வியாதி. எண்ணத் தொடங்கினேன். எண்ணியதை எழுதத் தொடங்கினேன்.

பாயில் மட்டும்தான் இப்படி என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். வாளியைத் தூக்குமுன் ஒரு மூச்சு எடுப்பார். கதவைச் சாத்துவது மூச்சை விட்டுக்கொண்டு. படியில் இரண்டு படிக்கு ஒரு மூச்சு. அந்தக் கணக்குப் பிசகினால் நடுப்படியில் நின்று, மூச்சைச் சரிப்படுத்திக்கொண்டுதான் ஏறுவார். கேள்வி கேட்டால் பதில் வருமுன் ஒரு மூச்சு இடைவெளி. காது கேளாதவர் என்று கடைத்தெருவில் பலர் நினைத்திருந்தார்கள். ஒருநாள் கந்தளாய் பஸ்ஸில் மிதிபலகையில் ஒரு காலை வைத்தபடி நின்றார். கொண்டக்டர் பையன் சொன்னான்:

"ஐயா, ஏறப்போறீங்களோ, இல்லாட்டி யோசிக்கப் போறீங்களோ? யோசிக்கிறதெண்டா அடுத்த பஸ் இருக்கு."

அவர் ஏறி, அமர்ந்து, மூச்சை விட்டு, பஸ் அரை மைல் போன பிறகு பையனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏறத்தான் நிண்டனான் தம்பி."

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை மூன்று தவணையில் சொன்னார். நான் ஒன்றாக்கித் தருகிறேன். கப்பலை இறங்குதுறையோடு இழுத்துக் கட்டும்போது ஒரு பெரிய கயிறு அறுந்து அவருடைய வலது தோளில் அடித்தது. எலும்பு பொருந்தியது, கை எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் கிடந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் சூரிய நமஸ்காரத்தைக் காட்டிக் கொடுத்தார். தபாலதிபர் மந்திரத்தோடு சொன்னார். இவர் மந்திரத்தை விட்டுவிட்டு மூச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்சது கயிறு மட்டும்தான்," என்றார். "கயிறு இழுக்கேக்க மூச்சை விடுறது. ஆறு பேரும் ஒண்டா விட்டாத்தான் கப்பல் அசையும். இது அதுக்கு மற்றப் பக்கம். கை எழும்பேக்க எடுக்கிறது. இருபது வருசப் பழக்கத்தைத் திருப்ப ரெண்டு வருசம் போச்சு."

"இப்ப நோவில்லையோ அண்ணை?"

ஒரு மூச்சு.

"நோ இருக்கு. மூச்சு முன்னுக்குப் போனா நோ பின்னுக்கு நிக்கும். கையை முதல் அனுப்பினா நோதான் முதல் வரும்."

எனக்கும் பழக்கித் தருவீர்களா என்று கேட்டேன். "நான் ஆருக்கும் பழக்கிறேல்ல," என்று சொல்லிவிட்டார். எனக்கு ஏன் அது வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குச் சிறுவயது முதல் இழுப்பு உண்டு. மாதத்தில் நான்கைந்து விடியற்காலைகளில் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பலகைக்கு அந்தப் பக்கம் ஒருவர் அவ்வளவு ஒழுங்காக மூச்சு விடும்போது இந்தப் பக்கம் நான் விசில் ஊதிக்கொண்டிருக்க வெட்கமாயிருக்கும். தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு படுத்திருப்பேன். அந்த நாட்களுக்குக் கொப்பியின் ஓரத்தில் 'இ' என்று ஓர் எழுத்துப் போடுவேன். அப்படிப் படுத்தபடியே அவருடைய மூச்சைப் பின்தொடரப் பழகினேன். அவர் விடும் மட்டும் நானும் விடப் பார்ப்பேன். பாதியில் எனக்கு முடிந்துவிடும். பிறகு பாதிக்குச் சற்று மேலே. யாரும் பழக்காமலே அவ்வளவு தூரம் போனேன்.

தோளில் இருந்த தழும்பு, கயிறு பட்ட தழும்பு. ஆனால் பார்ப்பவருக்கு அது வெடிபட்ட காயம்போலத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் ஒருவன் மேனியில் தழும்பு இருப்பதும், சோதனையில் கை உடனே எழும்பாமல் நிற்பதும் எப்படிப் பொருள்படும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஒருமுறை கண்டி வீதியில், கப்பல்துறை என்ற ஊருக்குப் போய்த் திரும்பும் வழியில், ஒரு சோதனைச் சாவடியில் கையைத் தூக்கச் சொன்னார்கள். அவர் அப்போதுதான் மூச்சை விடத் தொடங்கியிருந்தார். அதை விட்டு முடித்து, புதிதாக ஒன்றை எடுத்து, அதன் பின்னால் கையைத் தூக்கினார். மூன்று விநாடி இருக்கும். மற்றவர்களுடைய கைகள் எல்லாம் மேலே. இவருடையது மட்டும் கீழே. அந்த மூன்று விநாடிக்காகச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், தழும்பைப் பார்த்தார்கள், பின்னேரம் வரை வெய்யிலில் இருத்தி வைத்துக் கேள்வி கேட்டார்கள். காசிம் நானா போய், தனக்குப் பழக்கமான ஒருவரைப் பிடித்து, இவரை விடுவித்துக் கூட்டி வந்தார்.

"கை தூக்கெண்டா தூக்க வேண்டியதுதானே மனுசா," என்றார் நானா, வரும் வழியெல்லாம். "நீங்க என்ன, ஜன்னலைத் திறந்து காத்து வருதா எண்டு பாத்திட்டோ தூக்குவீங்க?"

"நான் சுணங்கயில்ல நானா," என்றார் அவர். "மூச்சு வர நிண்டனான்."

அதன் பிறகு ஊரைவிட்டு எங்கும் போவதை நிறுத்திக்கொண்டார். அறை, கடை, துறைமுகக் கந்தோரில் வாரத்துக்கு இரண்டு நாள் இலேசான வேலை. அவ்வளவுதான். சாவடி இல்லாத தெருக்களாகப் பார்த்து நடந்தார். அப்படியே அவர் காலம் போயிருக்கும், அந்தக் கடிதம் வந்திராவிட்டால்.

கொப்பியில் அது ஒரு வியாழக்கிழமை. பின்னேரம் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கோடுபோட்ட தாள். அவருடைய மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியது. அவர்கள் ஒருவரையொருவர் கண்டு ஐந்து வருடமாகியிருந்தது. என்னை வாசிக்கச் சொன்னார். எழுத்துகள் பெரிதாக இருந்தன. வரிகள் கோட்டில் தொடங்கி, போகப்போகச் சரிந்து அடுத்த கோட்டைத் தொட்டன. ஒரு இடம் எனக்கு நினைவிருக்கிறது: "ஒரு கண் போயிட்டுது. மற்றதிலயும் புகை மாதிரி. உங்கட முகம் தெரியிற காலத்துக்குள்ள வந்திட்டுப் போங்கோ."

நான் தாளை மடித்துக் கொடுத்தேன்.

"கப்பலுக்குப் பதியோணும்," என்றார். "கப்பலடியில கை தூக்கச் சொல்லுவாங்கள், என்ன?"

"ஓம். ரெண்டு மூண்டு இடத்தில."

"அதுக்கு நீங்கள்தான் உதவி செய்யோணும்."

நான் எழுதுவினைஞன், உதவி என்றதும் காகிதத்தைத்தான் நினைத்தேன். மறுநாளே தழும்பின் காரணத்தைச் சொல்லி இரண்டு மொழியில் ஒரு கடிதம் தட்டச்சுச் செய்து, துறைமுகக் கந்தோரில் ஒப்பமும் முத்திரையும் வாங்கி, மூன்று பிரதி எடுத்தேன். பதிவுப் படிவத்தையும் நானே நிரப்பினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது நல்லது தம்பி. ஆனா இதை அவங்கள் வாசிக்கிறது கை எழும்பின பிறகுதானே."

அவர் கேட்ட உதவி வேறு. நான் நினைத்த நேரத்தில், முன்னறிவிப்பில்லாமல், பலகையில் ஒருமுறை தட்ட வேண்டும். தட்டியதும் அவர் இரண்டு கைகளையும் தூக்குவார். தலைக்கு மேல் கைகள் சேரும்போது ஒரு சிறு தட்டு எனக்குக் கேட்கும். இடையில் எத்தனை விநாடி என்று நான் எண்ணிச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் ஐந்து முறை தட்டினேன். மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, மூன்று.

"கையை முதல் தூக்குங்கோவன் அண்ணை. மூச்சைப் பிறகு பாப்பம்," என்றேன் பலகை வழியே.

மறுபடி தட்டினேன். கை உடனே எழும்பியது. கூடவே அவருடைய தொண்டையிலிருந்து ஒரு சத்தம், அடிபட்ட நாயின் முனகலைப்போல.

"விளங்கிச்சோ?" என்றார். "அந்தச் சத்தத்தோட கப்பலடியில நிக்க ஏலாது."

பதினெட்டு நாள் தட்டினேன். அவர் தேநீர் குடிக்கும்போது, வேட்டி மடிக்கும்போது, அரைத்தூக்கத்தில். கீழே கடையில் காசிம் நானா ஆணி நிறுத்துக்கொண்டே மேலே பார்ப்பார். "கிளாக்கர், மேல மரங்கொத்தி கூடு வெச்சிரிக்கி போல. வாடகை நான் அதுக்கிட்டயும் கேக்கணும்," என்பார். ஒருநாள் நான் தட்ட, நானாவும் கீழே கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாராம். "பழகிப்போச்சு, என்ன செய்ய" என்றார். அவர் சொன்ன விதத்தில் நாங்கள் மூவரும் சிரித்தோம்.

எண்ணிக்கை இரண்டுக்கு இறங்கி அங்கேயே நின்றது. பிரச்சினை இதுதான்: கட்டளை வரும்போது அவர் மூச்சை விட்டுக்கொண்டிருந்தால், விட்டு முடியும்வரை கை எழும்பாது. எடுத்துக்கொண்டிருந்தால் எழும்பும். எந்த நேரம் கேட்பார்கள் என்பது அவர் கையில் இல்லை.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ (கொப்பியில் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருக்கிறேன்) அவரே வழி கண்டுபிடித்தார். மூச்சை முழுவதும் விடாமல் இருப்பது. எந்த நேரமும் நெஞ்சில் பாதியை வைத்துக்கொண்டு, மேலோட்டமாகக் கொஞ்சம் கொஞ்சம் விட்டு எடுப்பது. அப்போது எந்தக் கணத்தில் தட்டினாலும் ஒரு மிடறு உள்ளே இழுக்கலாம்; கை அதன் பின்னால் போகும். தட்டினேன். ஒன்று. மறுபடியும் ஒன்று. ஒன்றுக்கும் குறைய.

வெற்றிதான். ஆனால் அதற்கு அவர் கொடுத்ததை நான் பலகை வழியே கேட்டேன். அந்த நீண்ட வெளிமூச்சு நின்றுபோயிற்று. பகல் முழுவதும் அந்தப் பக்கத்தில் ஒரு முயல் இருப்பதுபோலச் சின்னச் சின்ன மூச்சு. விடியற்காலைப் பன்னிரண்டையும் நிறுத்திவிட்டார். "அதைச் செய்தா உடம்பு பழையபடி கேக்கும்," என்றார். கொப்பியில் அந்த நாட்களுக்கு நேரே பூச்சியம் போட்டிருக்கிறது. அந்த ஒரு வாரத்தில் எனக்கு மூன்று 'இ'.

கப்பலில் போவோர் பட்டியலில் அவருடைய பெயர் வந்தது. அன்று காலை அவருடைய பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன், தோளை மிச்சம் பிடிக்க. வழியில் கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு வீதியின் நடுவில் நின்றன. விலகும்வரை காத்திருந்தோம். அவர் ஒன்றும் கதைக்கவில்லை. கதைக்க மூச்சு செலவாகும்.

வழியனுப்ப வந்தவர்களைத் தடுப்புக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். வரிசை நாற்பது கெஜ தூரத்தில் நகர்ந்தது. அவருக்கு முன்னால் பதினாறு பேர். நின்று எண்ணினேன். சோதிக்கும் சிப்பாய்க்கு இருபது வயதிருக்கலாம். விடியற்காலை முதல் நின்று களைத்துப்போயிருந்தான். ஒவ்வொருவரிடமும் கையைத் தூக்கச் சொல்லிச் சொல்லி அவனுக்குத் தொண்டை வற்றியிருக்க வேண்டும். இவருடைய முறை வந்தபோது அவன் வாயைத் திறக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினான், இப்படி என்று.

நாங்கள் பதினெட்டு நாள் பழகியது சத்தத்துக்கு. சத்தம் வரவில்லை. என் கை தானாகத் தடுப்புக் கம்பியைத் தட்டப் போயிற்று. நல்ல காலம், தட்டவில்லை. ஏனென்றால் அவருடைய கைகள் ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருந்தன. சிப்பாயின் கைகள் எழும்பும் வேகத்திலேயே, அவற்றோடு சேர்ந்து, பாயில் எழும்புவதைப்போல. ஒரு கணம் அவர்கள் இருவரும் எதிரெதிரே கைகளை உயர்த்தியபடி நின்றார்கள். பிறகு சிப்பாய் தன்னுடையதைத் தாழ்த்தி, விலாவையும் இடுப்பையும் தடவிப் பார்த்தான். தோளில் கை ஒரு விநாடி நின்றது. போகச் சொல்லித் தலையை ஆட்டினான். என்னுடைய கடிதத்தை, இரண்டு மொழியில் மூன்று பிரதி, யாரும் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் போய், பையைக் கீழே வைத்து, அவர் மூச்சை விட்டார். தோள்கள் இறங்குவதைப் பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் எனக்குக் கேட்டிருக்க முடியாது. கேட்டதாகக் கொப்பியில் எழுதியிருக்கிறேன், அதைத் திருத்தவில்லை.

திரும்பிப் பார்க்காமல், கப்பலடிக்குக் கொண்டுபோகும் பஸ்ஸில் ஏறினார். மிதிபலகையில் ஒரு காலை வைத்துச் சற்று நின்றார்.

மறுநாள் 5.10க்கு விழித்துக்கொண்டேன். பலகையில் ஒருமுறை தட்டினேன். ஏன் தட்டினேன் என்பதற்குக் குறிப்பு இல்லை.

காசிம் நானா அந்த அறையை நான்கு மாதம் யாருக்கும் கொடுக்கவில்லை. சாமான் அடுக்கப்போவதாகச் சொன்னார், அடுக்கவுமில்லை. நான்கு மாதம் முடிகிற வேளையில் கடை விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த சிறிய, நேரான கையெழுத்தில் நான்கு வரி: அவர் சுகமாக வந்து சேர்ந்தார், காலையில் எழும்பித் தன் வேலையைச் செய்கிறார், இங்கே மழையில்லை, நானாவுக்கும் சொல்லவும். அதற்குக் கீழே, வேறொரு கையில், பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி: "பக்கத்து அறைத் தம்பிக்கு இப்ப இழுப்பு எப்பிடி?"

இழுப்பைப் பற்றி நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானாவுக்கும் தெரியாது.

அன்று பின்னேரம் அரிசித் தகரத்திலிருந்து கொப்பியை எடுத்தேன். ஓரத்தில் 'இ' போட்ட நாட்களை ஒவ்வொன்றாகத் தேடி, எதிரே அவருடைய நேரத்தைப் பார்த்தேன். மற்ற நாட்களில் பன்னிரண்டும் இருபத்துநான்கு நிமிடத்தில் முடிந்திருக்கிறது, ஒன்று கூடக் குறைய. 'இ' நாட்களில் இருபத்தொன்பது, முப்பது, ஒருமுறை முப்பத்துமூன்று. பூச்சியம் போட்ட அந்த வாரம் தவிர, விதிவிலக்கில்லை. நேரத்தையும் நானே எழுதி, எழுத்தையும் நானே போட்டு, இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இரண்டு பதில் போட்டேன், மறுமொழி இல்லை. பாதை திறந்த பிறகு உறையில் இருந்த விலாசத்துக்குப் போனேன். வேறு ஆட்கள் இருந்தார்கள். முன்பு இருந்தவர்கள் இடம்பெயர்ந்து போனதாகச் சொன்னார்கள். எங்கே என்று தெரியவில்லை.

அந்தக் கடைசி வரி இப்போதும் என்னிடம் இருக்கிறது. அது கோட்டில் தொடங்கி, போகப்போகச் சரிந்து, அடுத்த கோட்டைத் தொடுகிறது. அவருடைய மனைவியின் கடிதத்தை நான் ஒருமுறைதான் பார்த்தேன். அதுவும் இப்படித்தான் சரிந்திருந்தது. அது அந்த அம்மாவின் கை என்றால், அவர் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கண்ணில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்திருக்கிறது. ஆனால் தோள் சரியில்லாத ஒருவர் எழுதினாலும் வரி சரியத்தான் செய்யும். அவர் எழுதி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வரி யாருடைய கை என்பது இதுவரை உறுதிப்படவில்லை.